ஒரு மீட்டர் கேபிளில் என்ன மாறும்?

ஹை-ஃபை வைத்துப் பாட்டுக் கேட்க நல்ல இடம் எது என்று கேட்டால் கொல்லிமலையைத்தான் சொல்வேன். கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். ஆண்டில் பல மாதங்கள் இரவில் மின்விசிறியே தேவைப்படாது. செம்மேட்டுக் கடைத்தெரு அடங்கி, கடைசிப் பேருந்தும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போய்விட்டால், மழையில்லாத இரவில் மீதமிருப்பது பூச்சிகளின் ஓசை மட்டும். நகரத்து வீடுகளில் சன்னலைச் சாத்தினாலும் 35, 40 டெசிபல் இரைச்சல் எப்போதும் இருக்கும். பாட்டில் உள்ள மிக மெல்லிய ஒலிகள், தம்புராவின் கடைசி அதிர்வு, பாடுபவர் மூச்சு வாங்கும் ஓசை எல்லாம் அந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். மலையில் அவை காதுக்கு வந்து சேரும். ஒரு சிறிய கேபிளால் ஒலியில் வேறுபாடு வருமானால், அதைக் கண்டுபிடிக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது.

மிளகுத் தோட்டத்துக்கு நடுவே வீடு கட்டியிருக்கும் நண்பர் ஒருவர் இந்தக் கேள்வியோடுதான் வந்தார். சி.டி. பிளேயரையும், எண்களை ஒலியாக்கும் டி.ஏ.சி. கருவியையும் இணைக்க ஒரு மீட்டர் டிஜிட்டல் கேபிள் வேண்டும். கடைக்காரர் ஒருவர் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒன்றை எடுத்துக் காட்டி, “பேஸ் இறுகும், குரல் முன்னால் வந்து நிக்கும்” என்றிருக்கிறார். “ஏனுங்க, கம்பிக்கு இத்தனை காசு போடலாமுங்களா?” என்று நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கம்பிக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். சி.டி.யில் இருப்பது எண்கள். ஒலியலையின் உயரத்தை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் கொண்ட ஓர் எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்கள். 16 பிட் என்றால் 65,536 படிகள். இடம், வலம் இரண்டுக்கும் சேர்த்து விநாடிக்கு 14,11,200 பிட். இந்த எண்களைக் கம்பி வழியே அனுப்ப சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த முறைதான் எஸ்.பி.டி.ஐ.எஃப். பிளேயரின் பின்பக்கத்தில் ‘கோஆக்சியல்’ என்று எழுதியிருக்கும் துளையும் ‘ஆப்டிகல்’ என்று எழுதியிருக்கும் துளையும் அனுப்புவது இதையே. எண்களோடு கூடுதல் குறிப்புகளையும் சேர்த்து விநாடிக்கு 28,22,400 பிட் போகும். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 354 நானோ விநாடி, அதாவது ஒரு விநாடியின் நூறு கோடியில் 354 பங்கு. நமக்கு இது கற்பனைக்கு எட்டாத வேகம். மின்னணுச் சில்லுகளுக்கோ மிக நிதானமான நடை.

கம்பியில் போவது அரை வோல்ட் அளவுள்ள மின்னழுத்தம். மறுமுனையில் உள்ள கருவி பார்ப்பது ஒன்றை மட்டுமே: அழுத்தம் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா. அரை வோல்ட் தேய்ந்து 0.2 வோல்ட் ஆனாலும் ஏற்கும் கருவி அதைச் சரியாகப் படித்துவிடும்படிதான் முறை வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் அந்த அளவு தேய்வதற்கு வழியே இல்லை.

சரி, எங்கோ ஒரு பிட் தவறாகவே படிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன கேட்கும்? 16 பிட்டில் முதல் பிட் தவறினால் அந்த ஓர் எண் ஒரேயடியாகத் தாவிவிடும். ‘டிக்’ என்று ஓர் ஓசை வரும். கடைசி பிட் தவறினால் 65,536-ல் ஒரு படி மாறும். காதுக்கு எதுவும் தெரியாது. தவறுகள் நிறைய வந்தால் கருவி ஒலியையே நிறுத்திவிடும், பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். டிஜிட்டல் கேபிள் கெட்டுப்போனால் கேட்பது இப்படித்தான். பேஸ் தளர்வது, குரல் பின்னால் போவது, வயலின் கரகரப்பது இவற்றுக்கு அங்கே இடமே இல்லை. பேஸுக்கென்று தனி பிட் கிடையாது. பேஸ் இறுக வேண்டுமானால் அடுத்தடுத்து வரும் ஆயிரக்கணக்கான எண்களைக் கணக்குப் போட்டு, ஒழுங்காக, ஒரே திசையில் மாற்ற வேண்டும். அதைச் செய்வது கணினி நிரலின் வேலை. செம்பாலும் வெள்ளியாலும் ஆன கம்பிக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

இதை நம்பத்தான் வேண்டும் என்றில்லை, வீட்டிலேயே சோதிக்கலாம். டி.டி.எஸ். முறையில் குறியாக்கம் செய்த சி.டி.கள் உண்டு. அவற்றின் எண்கள் எஸ்.பி.டி.ஐ.எஃப். கம்பி வழியே மாறாமல் வந்தால்தான் ஏ.வி. ரிசீவரில் ‘டி.டி.எஸ்.’ என்ற எழுத்து ஒளிரும், பாட்டுக் கேட்கும். வழியில் யாராவது ஒலியளவைச் சற்றே குறைத்தால்கூட எண்கள் அனைத்தும் மாறி, பாட்டுக்குப் பதில் வெறும் இரைச்சல்தான் வரும். மலிவான கம்பியைச் செருகிப் பாருங்கள். எழுத்து ஒளிரும்.

இந்த இடத்தில் பலர் இன்னொரு வாதத்தை எடுப்பார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஐ2ஐ கேபிள் 2002 முதல் இருக்கிறது. வெளிநாட்டு சர்வரிலிருந்து இணையம் வழியே கேட்கும் பாட்டு இப்படிப்பட்ட கேபிள்களைக் கடந்து ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் வருகிறது. கடைசி ஒரு மீட்டரில் மட்டும் கெட்டுவிடுமா என்று கேட்பார்கள். கேட்க அழகான வாதம். ஆனால் அது முழு நியாயம் ஆகாது. இணையத்தில் வரும் பாட்டு துண்டு துண்டாக வருகிறது. ஒரு துண்டு பழுதானால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு பாடலாம். எஸ்.பி.டி.ஐ.எஃப்.பில் அது முடியாது. பிட் வந்துகொண்டே இருக்கும், போனது போனதுதான். அதைவிட முக்கியம், எண்களோடு சேர்த்துக் கடிகாரமும் அதே கம்பியில் வருகிறது. எந்த எண்ணை எந்தக் கணத்தில் ஒலியாக்க வேண்டும் என்பதை டி.ஏ.சி. அந்த மின்துடிப்புகளின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறது. கேபிளுக்காக வாதாடுபவர்கள் பிடித்துக்கொள்ளும் ஒரே உருப்படியான இடம் இது. இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கச்சேரியில் ஒருவர் தாளம் போடுகிறார். எண்ணிக்கை தப்பவில்லை, ஆதி தாளத்தின் எட்டு அட்சரமும் வருகிறது. ஆனால் ஒவ்வொரு தட்டும் மயிரிழை முன்னதாகவோ பின்னதாகவோ விழுகிறது. டிஜிட்டல் ஒலியிலும் இப்படி நடக்கலாம். எண்கள் சரியாக இருந்தும் அவை ஒலியாகும் கணம் தடுமாறினால் அலையின் வடிவம் மிக நுட்பமாகக் கோணும். ஜிட்டர் என்று சொல்வது இதைத்தான். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்ஃபோர்ட் இருவரும் 1992-ல் ஒலிப் பொறியியல் கழகத்தின் மாநாட்டில் ஒரு கட்டுரை படித்தார்கள். எண்ணையும் கடிகாரத்தையும் ஒரே கம்பியில் அனுப்பும் இந்த முறையே குறையுள்ளதா என்று அது கேட்டது. கேபிளின் அலைவரிசை அகலம் குறைந்தால் முந்தைய பிட்டின் வால் அடுத்த பிட்டின் தலையைத் தொட்டு, துடிப்பு ஏறும் கணத்தை நகர்த்தும் என்று அவர்கள் காட்டியது உண்மை. அதை அளக்கவும் முடியும்.

அளக்க முடிவது வேறு, காதுக்குக் கேட்பது வேறு. 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், முழு ஒலியளவில் ஒரு தனிச் சுருதி ஒலிக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 120 பிக்கோ விநாடித் தடுமாற்றமே 16 பிட்டின் கடைசிப் படியில் பாதியைத் தொட்டுவிடும். விளம்பரங்களில் வரும் பயமுறுத்தும் எண் இது. எந்தப் பாட்டிலும் அப்படி ஒரு சுருதி முழு ஒலியளவில் வராது. டால்பி ஆய்வகத்தைச் சேர்ந்த பெஞ்சமினும் கேனனும் 1998-ல் மனிதர்களை உட்கார வைத்துச் சோதித்தார்கள். சோதனைச் சுருதியில் 10 நானோ விநாடி அளவில் சிலருக்கு வேறுபாடு தெரிந்தது. இசையில் 20 நானோ விநாடிக்குக் கீழே ஒருவருக்கும் தெரியவில்லை. ஜப்பானில் அஷிஹாராவும் உடன் ஆய்வாளர்களும் 2005-ல் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது: ஒழுங்கற்ற தடுமாற்றமாக இருந்தால், தேர்ந்த காதுள்ளவர்கள் தங்களுக்குப் பழகிய இசையைக் கேட்கும்போதும், பல நூறு நானோ விநாடிகள் இருந்தால்தான் கண்டுபிடிக்க முடிகிறது. இன்றைய டி.ஏ.சி.களில் இந்தத் தடுமாற்றம் பிக்கோ விநாடிக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு நானோ விநாடி என்பது ஆயிரம் பிக்கோ விநாடி. மேலும், வரும் எண்களைத் தன் நினைவகத்தில் சற்று நிறுத்தி, சொந்தக் கடிகாரத்தின்படி வெளியே விடும் ஏற்பாடு இப்போது பல கருவிகளில் உண்டு. அப்படிப்பட்ட கருவிக்கு முன்னால் எந்தக் கேபிள் இருந்தாலும் ஒன்றுதான்.

ஆனால் கேபிளில் பார்க்க வேண்டிய அளவு ஒன்று உண்டு: மின்மறுப்பு 75 ஓம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துடிப்பின் ஒரு பகுதி முனையில் மோதித் திரும்பி வரும். மீட்டருக்கு 4, 5 நானோ விநாடி வேகத்தில் ஓடும் துடிப்பு ஒரு மீட்டர் போய்த் திரும்ப 10 நானோ விநாடிதான் ஆகும்; ஒரு பிட்டின் நேரத்தோடு ஒப்பிட்டால் அது சிறியது. 10, 20 மீட்டர் இழுத்தால் கவனிக்க வேண்டிவரும். இந்த 75 ஓம் கம்பிக்கு எங்கும் அலைய வேண்டாம். வீட்டுக் கூரையில் டிஷ் ஆன்டெனா மாட்ட வந்தவர் விட்டுப்போன துண்டு வயரை எடுத்து, பிளேடால் வட்டமாக வெட்டிப் பாருங்கள். நடுவில் பளபளப்பான ஒற்றைக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதன்மேல் வெள்ளித்தாள் போன்ற அலுமினியச் சுற்று, அதற்கும் மேல் பின்னிய மெல்லிய கம்பிகள், கடைசியாகக் கறுப்பு உறை. இதன் பெயர் ஆர்.ஜி.6, மின்மறுப்பு 75 ஓம். நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் சிக்னலைத் தாங்குவதற்காகச் செய்த வயர். நம் எஸ்.பி.டி.ஐ.எஃப். அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டு முனையிலும் ஒழுங்காக ஆர்.சி.ஏ. பின் மாட்டினால் அது டிஜிட்டல் கேபிள்.

ஆப்டிகல் வகை 1983-ல் டோஷிபா நிறுவனம் கொண்டுவந்தது. ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளாஸ்டிக் இழை, சிவப்பு எல்.இ.டி. விளக்கு, அவ்வளவுதான். ஒரு முனையைப் பிளேயரில் செருகி, மறுமுனையை உள்ளங்கைக்கு நேரே பிடித்தால் தோலில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். அசையாமல் எரிவதாகத் தெரியும் அந்த ஒளி விநாடிக்கு இருபது லட்சம் முறைக்கும் மேல் அணைந்து எரிகிறது. இழைக்குள் ஒளியை வளைத்து அனுப்பலாம் என்பதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, இழைக்கற்றை வழியே படத்தையே அனுப்பிக் காட்டி, 1954-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். இன்று வீட்டு இணையத்திலிருந்து ஆம்ப்ளிஃபையர் வரை அந்த வேலையின் நிழல் இருக்கிறது. ஜிட்டர் அளவில் ஆப்டிகல் பெரும்பாலும் கோஆக்சியலைவிடச் சற்றுப் பின்தங்கும். ஆனால் அந்த வேறுபாடும் காதின் எல்லைக்கு வெகு கீழேயே நின்றுவிடும்.

யு.எஸ்.பி.யிலும் எச்.டி.எம்.ஐ.யிலும் கதை இதேதான். யு.எஸ்.பி.யில் டி.ஏ.சி.யே கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணினியிடம் எண்களைக் கேட்டு வாங்கும் முறை இப்போது பரவலாகிவிட்டது. எச்.டி.எம்.ஐ. கேபிள் சரியில்லை என்றால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், படம் அணையும். நிறம் ‘சற்று மந்தமாக’ ஆகாது.

ஆக, ஒலியின் தரத்துக்காகக் கேபிளைத் தேட வேண்டாம். ஆனால் கொல்லிமலையில் கேபிளை யோசித்து வாங்க வேறு காரணங்கள் இருக்கின்றன. அவை கடைக்காரர் சொன்னவற்றைவிட முக்கியமானவை.

மலை பாறையால் ஆனது. மண் ஆழமில்லாத இடத்தில் எர்த் குழி தோண்டினாலும் மின்சாரம் எளிதாக நிலத்தில் இறங்காது. எர்த் சரியில்லாத வீட்டில் டிவி, செட்-டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் கம்பியால் இணைத்தால் அவற்றின் உலோக உடல்களுக்கு இடையே சிறு மின்னோட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று உறுமல் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும் போடும் சத்தம் அது. கணினியிலிருந்து யு.எஸ்.பி. வழியே வரும் இரைச்சலும் இதே பாதையில்தான் நுழைகிறது. கேபிள் மாற்றியதும் ஒலி தெளிந்தது என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையிலேயே நடந்தது இதுவாக இருக்கலாம். கோஆக்சியலை எடுத்துவிட்டு ஆப்டிகல் போட்டால் உலோகத் தொடர்பு அறுந்து, அந்த வழியாக வந்த உறுமல் நின்றுவிடும். பிட் மாறியதால் வந்த தெளிவு அல்ல அது. அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

அடுத்தது இடி. சித்திரை, வைகாசியில் கோடை மழையும் ஐப்பசியில் பருவமழையும் மின்னலோடுதான் வரும். மின்னல் வீட்டின்மேல் விழ வேண்டும் என்றில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீண்டு கிடக்கும் மின்கம்பியிலும் கூரையிலிருந்து இறங்கும் டிஷ் வயரிலும் அழுத்தம் எகிறும். டிஷ் வயர் வழியே வந்தது செட்-டாப் பாக்ஸுக்குள் புகுந்து, எச்.டி.எம்.ஐ. அல்லது கோஆக்சியல் கம்பி வழியே ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்துக் கொண்டுபோகும். இடையே ஆப்டிகல் இழை இருந்தால் அந்த வழி அடைபடும், பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது. பிளக் வழியே வருவதை அது தடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பனிமூட்டம் மூன்றாவது. ஈரத்தில் மலிவான பின்கள் கறுத்துப்போய், தொடர்பு விட்டுவிட்டு வரும். தங்கமுலாம் பூசிய பின் ஒலியை மாற்றாது, ஆனால் கறுக்காது. மலையில் அதற்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். எலி கடிக்காத இடமாகப் பார்த்து வயரை ஓட்டுவதும், ஆப்டிகல் இழையைச் சுவர் மூலையில் மடக்கி ஒடிக்காமல் இருப்பதும் இதைவிட முக்கியம்.

அப்படியானால் கேபிள் மாற்றியதும் பாட்டே மாறிவிட்டது என்று சொல்பவர்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. அவர்கள் கேட்டது அவர்களுக்கு உண்மைதான். காது தனியாக வேலை செய்வதில்லை. உதடு ஓர் ஒலியைச் சொல்ல, ஒலிபெருக்கி இன்னொன்றைச் சொன்னால் மனிதர்கள் மூன்றாவதாக ஒன்றைக் கேட்கிறார்கள் என்று 1976-ல் மக்கர்க், மெக்டொனால்டு என்ற உளவியலாளர்கள் காட்டினார்கள். கண் பார்த்ததைக் காது கேட்கிறது. தடித்த பின்னல் உறையும், கையில் கனக்கும் பின்னும், கொடுத்த விலையும் காதுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகின்றன. கேபிளை மாற்ற எழுந்து போய் வந்து உட்கார்ந்தவர் புதிய கவனத்தோடு கேட்கிறார். முன்பு கவனிக்காத கஞ்சிரா இப்போது கேட்கிறது. அது அந்தப் பாட்டில் எப்போதும் இருந்ததுதான்.

சோதிக்க வழி எளிது. வீட்டில் ஒருவரை அழைத்து, நீங்கள் பார்க்காதபடி நாணயம் சுண்டிவிட்டு, தலை விழுந்தால் விலையுயர்ந்த கேபிள், பூ விழுந்தால் டிஷ் வயர் என்று செருகச் சொல்லுங்கள். செருகுபவர் உங்களிடம் பேசக் கூடாது. ஒலியளவுக் குமிழைத் தொடக் கூடாது, ஏனென்றால் அரை டெசிபல் கூடினாலே அது ‘நல்ல ஒலி’யாகத் தோன்றும். ஒரே பாட்டின் ஒரே பகுதியைக் கேளுங்கள். நண்பருக்கு நான் சொன்னது ஓதுவார் பாடிய ஒரு தேவாரப் பதிவை. தேவாரப் பண்களில் கொல்லி என்றே ஒன்று இருக்கிறது, இன்று நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள். சூலை நோயோடு திருவதிகைக்கு வந்த அப்பர் பாடிய முதல் பதிகம் அந்தப் பண்ணில்தான். ஒற்றைக் குரல், அடிகளுக்கு நடுவே இடைவெளி, கோயில் மண்டபத்தில் பதிவு செய்ததாக இருந்தால் குரல் கரைந்து அடங்கும் எதிரொலியும் கிடைக்கும். வேறுபாடு இருந்தால் ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை. பதினாறு முறை செய்து, எது எந்தக் கேபிள் என்று எழுதி வையுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே எட்டுச் சரியாகும். பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கு, வெறும் அதிர்ஷ்டத்தால் உள்ள வாய்ப்பு நூற்றுக்கு நான்குதான்.

பணத்தைப் போட வேண்டிய இடங்கள் வேறு. ஸ்பீக்கரை மாற்றினால் ஒலி மாறும். ஒரே ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் நகர்த்தினாலும் மாறும். அறையின் மூலைகளில் பேஸ் பத்து டெசிபல் வரை ஏறி இறங்குவது சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே மரப் பலகை அடித்தால் மழை நாளிலும் பாட்டுக் கேட்கலாம். ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியில் ஓடுவது எண்ணல்ல, மின்னோட்டம். அதற்குத் தடிப்பு வேண்டும். பத்து மீட்டர் இழுப்பதானால் 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் போக வரச் சேர்த்து அரை ஓம் அளவுக்கு வீணாகும். எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 0.14 ஓம்தான்.

கொல்லிமலையில் வீடிருப்பவர்களுக்கு என் யோசனை இது. நல்ல எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். டிவிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே ஆப்டிகல் கேபிள் போடுங்கள். சி.டி. பிளேயருக்கு எந்த 75 ஓம் கேபிளும் போதும். பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கேபிளைக் கடைக்காரர் மறுபடி எடுத்துக் காட்டினால், கண்ணை மறைத்துப் பதினாறு முறை கேட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மேற்கே மின்னல் வெட்டத் தொடங்கினால் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றி வைத்துவிடுங்கள்.